திருஷ்டிப் பூசணி இல்லைம்மா, அலங்காரம்

எங்கள் வாசலை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி எதுவும் பிடிபடாது. சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில் என்ற ஊரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுடையது. சிவப்புச் செங்கல் முகப்பு, அடர்பழுப்புக் கதவு, அதற்கு முன்னால் ஆறடி அகலம், நாலரை அடி ஆழத்தில் ஒரு சிமென்ட் மேடை, இறங்க இரண்டு படி. இதைத்தான் இங்கே போர்ச் என்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துத் திண்ணைகளைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதைப் போய்த் திண்ணை என்று சொல்ல வாய் வராது. இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவது ஆள் படியில்தான் நிற்கவேண்டும்.

2022 கோடையில் குடிவந்தோம். செப்டம்பர் முதல் திங்கட்கிழமை லேபர் டே விடுமுறை. அது முடிந்த கையோடு தெருவில் ஒவ்வொரு வாசலாக மாற ஆரம்பித்தது. பூசணி, சோளத்தட்டைக் கட்டு, சாமந்தித் தொட்டி, கதவில் ஒரு வளையம். மரத்தில் ஓர் இலை பழுப்பதற்கு முன்பே இலையுதிர் காலத்தை வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுகிற ஊர் இது. எனக்கும் கை பரபரத்தது. பெரிய ஆரஞ்சுப் பூசணி மூன்று, ஆரஞ்சும் சிவப்புமாய் பிளாஸ்டிக் மேப்பிள் இலைத் தோரணம், துருநிறச் சாமந்தி இரண்டு தொட்டி என்று நூறு டாலருக்கு மேல் செலவழித்து அடுக்கிவிட்டு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. செங்கலும் ஆரஞ்சும் கலந்து, சுவரிலிருந்து கொஞ்சம் பெயர்ந்து கீழே கிடக்கிற மாதிரி இருந்தது. பளிச்சென்று கண்ணில் பட்டது ஒரே ஒரு பொருள்தான், கதவோரம் யாரோ போட்டுவிட்டுப் போயிருந்த வெள்ளை பார்சல் கவர்.

அந்தக் கவர் சொல்லிக்கொடுத்ததுதான் எல்லாம். சிவப்புச் செங்கல் வீட்டுக்கு ஆரஞ்சு வேண்டாம். வெள்ளை, பால் நிறம், சந்தனம், கோதுமை, சாம்பல், மரப்பழுப்பு, இவ்வளவு போதும். நியூட்ரல் கலர் என்று இதற்குப் பேர் வைத்து விலையைக் கூட்டி விற்கிறார்கள் என்பது வேறு விஷயம், ஆனால் என் வாசலுக்கு அது நாகரிகத்துக்காக இல்லை, கண்ணுக்குத் தெரியவேண்டுமே என்பதற்காக. உங்கள் வீடு வெள்ளைப் பலகை அடித்த வீடு என்றால் இதையே செய்யாதீர்கள், எல்லாம் சுவரோடு சுவராகப் போய்விடும், உங்களுக்கு ஆரஞ்சுதான் அழகு.

உடனே அந்த மூன்று பூசணிக்கும் வெள்ளை பெயின்ட் அடித்தேன். முதல் தப்பு. ஈரம் இருந்த தோலில் பெயின்ட் சரியாக ஒட்டவில்லை, இரண்டு மழையில் படை படையாக உரிந்து, உள்ளேயிருந்து ஆரஞ்சு எட்டிப் பார்த்தது. போதாததற்கு சீசன் முடிந்து மட்க வைக்கக் கொண்டுபோனபோது பெயின்ட் அடித்த பூசணியை வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றும் குப்பைக்குப் போயின. இயற்கையிலேயே வெள்ளையான பூசணி இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2023-இல் விவரத்தோடு இறங்குவதாக நினைத்துக்கொண்டு வேறு தப்புகள் செய்தேன். டி-கால்ப் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு பண்ணையில், உட்காரத் திட்டு மாதிரி இருக்குமே என்று ஒரு கட்டு வாங்கினேன். வைக்கோல் என்று நினைத்து வாங்கியது தீவனப் புல். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி செவ்வகமாகக் கட்டிவைத்திருப்பார்கள். வைக்கோல் என்பது கோதுமையோ ஓட்ஸோ அடித்து மணியை எடுத்தபின் மிஞ்சும் தட்டை, பொன்னிறம், எடை குறைவு. தீவனம் விதையோடு அறுத்துக் காயவைத்த புல், கொஞ்சம் பச்சை ஓடியிருக்கும், கனம் அதிகம். மாட்டுக்கு வைக்கோல் போடுகிற ஊரிலிருந்து வந்தவள் இதில் ஏமாந்தேன் என்பது இன்றுவரை எனக்கே பொறுக்கவில்லை. ஒரு வாரம் மழை பெய்தது, கட்டு தண்ணீரை உறிஞ்சி நகர்த்தவே முடியாத கனமாகி, பக்கவாட்டில் முளைவிட்டது. நாற்றம் வேறு. அடியில் எலி குடிவந்ததைப் பார்த்தபிறகு என் கணவர் ஒரு வார்த்தை பேசாமல் மண்வெட்டியை எடுத்துவந்தார். இப்போது கட்டே கிடையாது. அந்த உயரத்துக்குப் பழைய மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போடுகிறேன், ஆறடி மேடைக்கு அதுவே தாராளம்.

அதே வருஷம் வெள்ளைச் சாமந்தி. இங்கே மம்ஸ் என்பார்கள். தொட்டி நிறையப் பூத்துக் குலுங்கியதை வாங்கிவந்தேன், பத்தே நாளில் பழுப்பு. முழுக்க விரிந்ததை வாங்கக் கூடாது, பூ வாங்குகிற அம்மாக்கள் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம் எனக்குக் கடையில் நிற்கும்போது மறந்துபோயிற்று. மொட்டு இறுக்கமாக, அங்கங்கே மட்டும் வாய் திறந்திருப்பதை வாங்கினால் மூன்று நான்கு வாரம் நிற்கும். தொட்டி முழுக்க வேர் அடைத்திருப்பதால் மேலே ஊற்றுகிற தண்ணீர் ஓரமாக ஓடி வெளியே வந்துவிடும், உள்ளே வறண்டே இருக்கும். வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டியோடு அரைமணி நேரம் அமுக்கி வைத்துவிடுங்கள். பூவின்மேல் தண்ணீர் பட்டால் அழுகும். நாய் பூனை வளர்ப்பவர்கள் கவனம், இந்தச் செடி அவற்றுக்கு ஆகாது.

இன்னொரு சமாச்சாரம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. குளிர் ஏறியதும் வெள்ளைச் சாமந்தி ரோஸ் நிறத்துக்குத் திரும்புகிறது! சாயம் போட்டு விற்றுவிட்டார்களோ என்று கடைக்காரரை மனசுக்குள் திட்டினேன். அப்படி இல்லை, குளிரிலும் வயதிலும் பல வெள்ளை ரகங்கள் அப்படித்தான் சிவக்கும். அதனால் இப்போது தூய வெள்ளை வாங்குவதில்லை, வெண்ணெய் நிறத்தில் லேசாய் மஞ்சள் ஓடுவதை எடுக்கிறேன், அக்டோபர் நடுவில் அதை எடுத்துவிட்டு அலங்கார முட்டைக்கோஸ் வைக்கிறேன். நடுவில் வெள்ளை, ஓரத்தில் சாம்பல்பச்சை. குளிரக் குளிர அதன் வெள்ளை கூடும், லேசான உறைபனியையும் தாங்கும். அழுகினால் மட்டும் பழைய முட்டைக்கோஸ் பொரியல் வாசம் வீடு வரைக்கும் வரும், பார்த்து எடுத்துவிடவேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. வெள்ளை என்றால் எல்லாம் ஒரே வெள்ளை இல்லை. நாலு வருஷம் உழைக்குமே என்று ஒரு பிளாஸ்டிக் வெள்ளைப் பூசணி வாங்கினேன், அது நீலம் கலந்த வெள்ளை. நிஜப் பூசணியின் பால் வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்ததும் குளியலறைப் பீங்கான் மாதிரி ஆகிவிட்டது. கடையில் தனியாகப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது, வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்கவேண்டும். இன்னொன்று, எல்லாமே வழவழவென்று இருந்தால் வெளிர்நிறம் சப்பென்று போய்விடுகிறது. வழவழப்புக்குப் பக்கத்தில் சொரசொரப்பு வேண்டும். பிரம்புக்கூடை, தேங்காய்நார் மிதியடி, கோதுமைக்கதிர், சாக்குத்துணி. நம் ஊரில் அரிசி வந்த சாக்கை உதறி மடித்துவைப்போம், இங்கே அதே சணல் துணியை ஒரு கெஜம் இத்தனை டாலர் என்று வெட்டித் தருகிறார்கள். மனசு கேட்காமல், பாஸ்மதி அரிசி வந்த சணல் பையைப் பிரித்துத் தொட்டியைச் சுற்றிக் கட்டினேன், எழுத்து இருக்கிற பக்கம் உள்ளே. ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. கூடவே ஒரு கருப்பு இரும்பு லாந்தர் வைத்தேன். முழுக்க வெளிர்நிறமாக இருக்கிற இடத்தில் ஒரே ஒரு கருப்பு இருந்தால்தான் மற்றது எழுந்து நிற்கும். காற்றில் லாந்தர் உருண்டு படியில் இறங்கிவிட்டது, அதனால் இப்போது அதற்குள் ஆற்றுக்கல் போட்டுவைத்திருக்கிறேன்.

அதைவிடவும் பெரிய மாற்றம் கொண்டுவந்தது வாசல் பல்பு. பழையது பகல் வெளிச்சம் போல வெள்ளையடிக்கும் 5000 கெல்வின் பல்பு, அதன் கீழே என் சந்தன நிறமெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தா ஆகிவிடும். இதமான மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் போட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டுகிற நவம்பரில் வாசலை யாரும் பகலில் பார்ப்பதேயில்லை, ஆகவே செலவழிக்க இருக்கிற பணத்தில் முதல் பத்து டாலரைப் பல்புக்குப் போடச் சொல்வேன்.

சரி, 2024. அம்மா செப்டம்பர் கடைசியில் ஊரிலிருந்து வந்தார். அதற்குள் நான் வாசலைத் தயாராக வைத்திருந்தேன். இம்முறை எதையும் வாங்கும் முன் இடத்தை அளந்தேன். எங்கள் வீட்டில் பிரதான கதவுக்கு வெளியே ஒரு கண்ணாடிக் கதவு, ஸ்டார்ம் டோர் என்பார்கள், அது வெளிப்பக்கமாகத் திறக்கும், மூன்றடி அகலம். அதை முழுக்கத் திறந்து, அதன் விளிம்பு போகிற பாதையைக் கோலப்பொடியால் வளைவாகப் போட்டேன். மேடை அகலத்தில் பாதி அந்த வளைவுக்குள் போய்விட்டது. பொருள் வைக்க மிஞ்சியது கீல் பக்கத்து மூலையும் மறுபக்கம் ஒன்றரை அடிப் பட்டையும்தான். போன இரண்டு வருஷமும் நான் எப்படிக் கதவில் இடித்து இடித்து வாழ்ந்தேன் என்பது அந்தக் கோட்டைப் பார்த்ததும் புரிந்தது. சின்ன வாசல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதை மட்டுமாவது செய்யுங்கள். உயரமானது எல்லாம் கீல் மூலையில், அங்கே சோளத்தட்டைக் கட்டு ஒன்றைத் தூணோடு சேர்த்துக் கம்பியால் கட்டி, கம்பி தெரியாமல் மேலே சணல் கயிறு சுற்றினேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைக்க ஆசைதான், இடம் விடவில்லை, பிறகு பார்த்தால் ஒருபக்கம் மட்டும் இருப்பதே நன்றாக இருந்தது. மீதியைப் படிகளில் ஒரே ஓரமாக இறக்கினேன், நடக்கிற பக்கம் காலி.

ஓஹேர் விமான நிலையத்திலிருந்து இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தோம். அம்மா காரிலிருந்து இறங்கி வாசலைப் பார்த்தார், நின்றார். “யாருக்கு என்னடி ஆச்சு?” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பார்வை கதவின்மேல் இருந்தது. காய்ந்த வெள்ளை ஹைட்ரேஞ்சியாப் பூவில் நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வளையம். இங்கே அது ரீத், வரவேற்பு. தமிழில் அதற்கு ஒரே பெயர்தான், மலர்வளையம், அது எங்கே வைப்பது என்று நமக்கெல்லாம் தெரியும். அதிலும் வெள்ளை. மறுநாள் காலையில் கழற்றிவிட்டேன். உண்மையைச் சொன்னால் அதன்மேல் எனக்கே கொஞ்சம் கோபம் இருந்தது. மேற்குப் பார்த்த வாசல், சாயங்கால வெயில் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் அடைபட்டு அடுப்பு மாதிரி கொதிக்கும், பசைத் துப்பாக்கியால் ஒட்டிய பூ எல்லாம் பசை இளகிக் கீழே விழுந்துகொண்டே இருந்தது. கண்ணாடிக் கதவு இருக்கிற வீட்டில் ஒட்டியது எதுவும் நிற்காது, கம்பியாலோ கயிறாலோ கட்டியதுதான் நிற்கும்.

வளையத்துக்குப் பதிலாகக் கோதுமைக்கதிர்க் கொத்து ஒன்றைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். அதைப் பார்த்ததும் அம்மா முகம் தெளிந்தது. ஊரில் சிட்டுக்குருவி கொத்தட்டும் என்று அறுவடையான நெற்கதிரைப் பின்னிக் கூடத்தில் தொங்கவிடுவோமே, அதுதான் அவருக்கு இது. சப்பையாக இருப்பதால் கண்ணாடிக் கதவிலும் இடிப்பதில்லை.

இனிப் பூசணிக்கு வருகிறேன். எங்கள் இல்லினாய்தான் அமெரிக்காவிலேயே அதிகம் பூசணி விளைகிற மாநிலம். அதில் பெரும்பகுதி டப்பாவில் அடைக்கப் போகிறது, மார்ட்டன் என்ற ஊர்ப் பக்கம். டப்பாவுக்குப் போகிற அந்தக் காய் ஆரஞ்சே இல்லை, வெளிர்ப் பழுப்பு. நான் பண்ணையில் வாங்கியது மூன்று ரகம். லூமினா என்கிற வெள்ளை இரண்டு, ஜாராடேல் என்கிற சாம்பல்நீலம் ஒன்று, லாங் ஐலண்ட் சீஸ் என்கிற சந்தன நிறம் இரண்டு. கடைசியில் சொன்னது தட்டையாக, வரிவரியாக, பாலாடைக்கட்டிச் சக்கரம் மாதிரி இருக்கும். அம்மா அதைக் கையால் தட்டிப்பார்த்து, “இது நம்ம பரங்கிக்காய்டி” என்றார். சிரித்தேன். அப்புறம் தேடிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி, நம் பரங்கியும் அதுவும் தாவரவியலில் ஒரே இனம், டப்பாப் பூசணியும் அதே. அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் ஊருக்கு வந்த காய், பேரிலேயே பரங்கி இருக்கிறது.

வாங்கும்போது காம்பைப் பாருங்கள், பச்சையாகக் கெட்டியாக இருக்கவேண்டும். காம்பைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒடிந்தால் அந்த இடத்திலிருந்துதான் அழுக ஆரம்பிக்கும். சிமென்ட் தரையில் நேரே வைத்தால் அடியில் ஈரம் கோத்து இளகிவிடுகிறது, ஒரு துண்டு அட்டையோ பலகையோ போடுங்கள். லூமினாவை வெயிலில் விட்டேன், இரண்டு வாரத்தில் மஞ்சள் ஏறியது, அதற்கு நிழல் வேண்டும். ஜாராடேல் கல் மாதிரி, நவம்பர் கடைசியில் வரும் நன்றி சொல்லும் நாள் விருந்துவரை அசையாமல் இருந்தது.

அக்டோபர் இரண்டாம் வாரம் அணில் வந்தது. இந்த ஊர் அணிலுக்கு ராமர் தடவிக்கொடுத்த கோடு கிடையாது, மரியாதையும் கிடையாது, பூனைக்குட்டி அளவு இருக்கும். லூமினாவில் காம்போரம் ஒரு ஓட்டை போட்டது. மிளகாய்த்தூள் தடவினால் வராது என்று படித்திருந்தேன், காரம் பாலூட்டிகளுக்குத்தான் உறைக்கும், பறவைக்குத் தெரியாது. அம்மா ஊரில் அரைத்து எடுத்துவந்திருந்த குண்டுமிளகாய்ப் பொடியை எண்ணெயில் குழைத்து ஓட்டையைச் சுற்றித் தாராளமாகப் பூசினேன். பின்னால் தள்ளி நின்று பார்த்தால் வயிற்றைப் பிசைந்தது. வெள்ளைப் பூசணி, மேலே ஓட்டை, சுற்றிலும் சிவப்பு. ஆயுத பூஜைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, “காசு உள்ளே போட்டியா?” என்று கேட்டார்.

“திருஷ்டிப் பூசணி இல்லைம்மா, அலங்காரம்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

அணில் நான்கு நாள் வரவில்லை, மழை பெய்து காரம் கரைந்ததும் வந்துவிட்டது. மழைக்குப் பின் மறுபடி தடவவேண்டும், வெள்ளைப் பூசணி என்றால் கறை நிற்கும், இரண்டில் எது வேண்டும் என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளுங்கள். அந்த வாரமே சந்தன நிறப் பரங்கி ஒன்றைக் காணோம். அணில் தூக்கிப்போகிற எடை இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்மேல்கூட ஒரு கணம் சந்தேகம் வந்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல. மதியம் சாப்பாட்டில் பரங்கிக்காய்ப் பால் கூட்டு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள், என் அம்மா கூட்டில் மறைத்தார். ருசி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. நல்லவேளையாக அந்த இரண்டை மட்டும் நான் பிளீச் கலந்த தண்ணீரில் துடைக்கவில்லை, பூஞ்சை வராமல் இருக்க மற்ற மூன்றையும் துடைத்திருந்தேன். சமைக்கிற எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் முதலிலேயே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

மேடைக்கு ஒரு கோடுபோட்ட பருத்தி விரிப்பு வாங்கி, அதன்மேல் சின்ன மிதியடி போட்டிருந்தேன், எல்லாரும் இப்படி இரண்டடுக்காகப் போடுகிறார்கள். கண்ணாடிக் கதவு அதில் மாட்டிக்கொண்டு அம்மா ஒருநாள் தடுமாறினார். விரிப்பை எடுத்துவிட்டேன். காலியாகக் கிடந்த தரையைப் பார்த்து மறுநாள் காலையில் அவரே கோலம் போட்டார், வெள்ளை மாவு, சுற்றிக் காவி. நான் மூன்று வருஷமாகக் கடைகடையாகத் தேடிக்கொண்டிருந்த வெள்ளையும் மண்பழுப்பும் அதுதான். அரிசிமாவு போட்டால் அணிலுக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி ஆகிறது என்று இரண்டாம் நாள் கல்மாவுக்கு மாறினோம், அம்மாவுக்கு அது சம்மதமில்லை, எறும்புக்குப் போடுவதுதானே கோலம் என்று ஒரு வாரம் முணுமுணுத்தார்.

அந்த வருஷம் தீபாவளியும், பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வருகிற ஹாலோவீனும் ஒரே நாள், அக்டோபர் 31. படியில் காய்ந்த சோளத்தட்டை, தரையில் தொங்குகிற உடைபோட்டு வரும் குழந்தைகள், நடுவில் அகல்விளக்கு என்றால் நினைக்கவே பயமாக இருந்தது. அம்மாவோடு ஒரு உடன்பாடு. பிள்ளைகள் வரத் தொடங்குவதற்கு முன்னால் கீழ்ப்படியில், தட்டையிலிருந்து எட்டத் தள்ளி ஐந்து நிஜ அகல், பத்து நிமிஷம், நான் பக்கத்திலேயே நிற்பேன். அப்புறம் எல்லாம் பேட்டரி விளக்கு. ஒத்துக்கொண்டார். கோலத்தை மிதித்துக்கொண்டு ஏழெட்டு எலும்புக்கூடுகளும் ஒரு டைனோசரும் வந்தன, அம்மா சாக்லேட்டோடு ஆளுக்கொரு முறுக்கும் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை ஊரில் பூசணி உடைக்கும் நாள். ஹாலோவீன் முடிந்ததும் எல்லாரும் பூசணியைக் குப்பையில் போட்டால் அது மண்ணுக்கடியில் புதைந்து மீத்தேன் ஆகிறது என்று, இங்கே பல ஊர்களில் அதைச் சேகரித்து உரமாக்குகிறார்கள், மெழுகு, பெயின்ட், ஸ்டிக்கர் எதுவும் இருக்கக் கூடாது. வெறுமனே கொட்டாமல் ஓங்கி எறிந்து உடைக்கச் சொல்வார்கள், பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். அணில் தின்ற லூமினாக்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு போனேன். எங்கள் முறை வந்ததும் அம்மா ஒன்றை வாங்கி, கார் நிறுத்துமிடத்தில் என்னையும் பேரனையும் கிழக்கே பார்த்து நிற்கவைத்து, தலையை மூன்றுமுறை சுற்றி, தொட்டிக்குள் ஓங்கிப் போட்டார். பக்கத்திலிருந்த தொண்டர்கள் கைதட்டினார்கள்.

அம்மா என் காதருகே வந்து, “சூடம் ஏத்த விடுவாங்களான்னு கேளேன்” என்றார். நான் இரண்டாவது பூசணியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.